பூநாரையைத் திட்டுவதற்கு முன்னால்

கேள்வி: ஐயா, நாங்கள் தடாவுக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரியோரத்து ஊர். வீட்டில் 40 நாட்டுக்கோழி வளர்த்தேன். மூன்று நாளில் ஆறு கோழி போய்விட்டது. மந்தமாக நிற்கும், கொண்டை கறுக்கும், விடிந்து பார்த்தால் பஞ்சாரத்துக்குள் செத்துக் கிடக்கும். சாகப்போன ஒன்றை மாமியார் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார், பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். நேற்று புளியமரத்தடியில் ஒரு காக்காவும் செத்துக் கிடந்தது. பூநாரை கொண்டுவந்த பறவைக்காய்ச்சல் என்று சொல்லி ஊர்ப் பையன்கள் ஏரியில் வெடி போட்டுப் பறவைகளை விரட்டுகிறார்கள். என் கொழுந்தனார் 1,200 வாத்தை நெல்லூர்ப் பக்கம் அறுத்த வயலில் மேய்த்துக்கொண்டிருக்கிறார். அவை நன்றாக இருக்கின்றனவாம். அடுத்த வாரம் ஊருக்குக் கொண்டுவருகிறார். டாக்டரிடம் சொன்னால் ஊர்க்கோழியை எல்லாம் கொன்றுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். ஒரு வியாபாரி மிச்சக் கோழியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

— ஒரு வாசகி, திருப்பதி மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இது இன்றைக்கே முடிவாக வேண்டிய விஷயம். சாவு விழுந்த வீட்டுக் கோழியைப் பாதி விலைக்குக் கேட்கிற ஆள் ஏமாளி இல்லை. எதை வாங்குகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் கோழிகளைக் காலைக் கட்டி வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவார். மறுநாள் அவை ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஏதோ ஒரு ஊரில், வேறு பத்து வீட்டுக் கோழிகளோடு ஒரே கூடையில் இருக்கும். அங்கே விலை போகாதது இன்னொரு ஊருக்குப் போகும். வந்தது எந்த நோயாக இருந்தாலும் சரி, அதைப் பரப்ப இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இன்னொன்றும் உண்டு. பறவைக்காய்ச்சல் மாதிரியான நோய் என்று சந்தேகம் வந்தால் தகவல் சொல்வது வளர்ப்பவரின் கடமை என்கிறது 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டவில்லை. நேரத்தில் சொன்னவருக்கு அதனால் லாபமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று செய்ய வேண்டியது இதுதான். உயிரோடு இருக்கும் கோழிகளை வெளியே விடாமல் அடைத்து வையுங்கள். கம்பிவலைக் கொட்டகை இல்லையென்றால் பஞ்சாரத்தில் கவிழ்த்தாவது வையுங்கள். தீனியும் தண்ணீரும் உள்ளேயே, குட்டைத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். உங்கள் ஊர் பசுவைத்தியசாலைக்கு, அதாவது கால்நடை ஆஸ்பத்திரிக்கு, சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் கால்நடை உதவி எண் 1962-க்கு போன் செய்யுங்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். எத்தனை கோழி, எத்தனை நாளில் செத்தது, ஒரு காக்காவும் செத்தது, வீட்டாரின் வாத்து மந்தை நெல்லூரில் இருக்கிறது என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். காக்கா விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "கோழி செத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னால் "வெள்ளைக்கழிச்சலாக இருக்கும், பார்க்கலாம்" என்று மெதுவாகத்தான் வருவார்கள்.

செத்த கோழியையும் காக்காவையும் வெறுங்கையால் தொடாதீர்கள். பாலிதீன் பையைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு எடுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், இரண்டு பைக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். நாய், பூனை எட்டாத நிழலில் டாக்டர் வரும்வரை வைத்திருங்கள். மாதிரி எடுக்க வேண்டும் என்று வீட்டு பிரிட்ஜில் வைத்தவர்களும் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம். அன்றைக்குள் யாரும் வரவில்லையென்றால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். ஏரியிலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது.

சரி, இது பறவைக்காய்ச்சல்தானா?

கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, நேரில் வருகிற டாக்டரும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. நாட்டுக்கோழியை அதிகம் கொல்வது நீங்கள் அறிந்த வெள்ளைக்கழிச்சல்தான், டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். அதுவும் பறவைக்காய்ச்சலும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டிலும் கோழி மந்தமாகும், மூச்சு வாங்கும், கழியும், சாகும். வித்தியாசம் தேடினால் கொஞ்சம் கிடைக்கும். வெள்ளைக்கழிச்சலில் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சில நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், பிழைத்த கோழியும் கழுத்து கோணியே திரியும். பறவைக்காய்ச்சலில் அவ்வளவு அவகாசம் இருக்காது. காலையில் தீனி தின்ற கோழி மறுநாள் இருக்காது. முகம் வீங்கும், கொண்டையும் தாடியும் நீலம்பாரித்துக் கறுக்கும், கால் தோலில் சிவப்புத் திட்டு தெரியும், முட்டையிடுகிற கோழி தோல்முட்டை போடும் அல்லது முட்டையையே நிறுத்திவிடும்.

கொண்டை கறுத்தது, ராத்திரியோடு சாவு, பக்கத்தில் காக்கா. நீங்கள் எழுதிய இந்த மூன்றும் சேர்ந்துதான் எனக்கு உறுத்துகிறது. ஆனால் பயிருக்கு மருந்தடித்த வயலில் மேய்ந்தாலும் கோழியும் காக்காவும் ஒன்றாகச் சாகும். அப்படியானால் பெரும்பாலும் ஒரே நாளில், இரைப்பை நிறைய நெல்லோடு சாகும். உங்களுக்கு மூன்று நாளாகத் தொடர்கிறது. சாவு ஒரே பஞ்சாரத்துக் கோழிகளில் வரிசையாக வந்ததா, அங்கங்கே வந்ததா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். பறவைக்காய்ச்சல் என்று இறுதியாகச் சொல்கிற இடம் போபாலில் இருக்கும் தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம். முடிவு வரச் சில நாள் ஆகும். அதுவரை வீட்டிலிருந்து கோழி, முட்டை, எரு எதுவும் வெளியே போக வேண்டாம். சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதும் இதில் சேர்த்தி.

மாமியார் வைத்த குழம்பு. நன்றாகக் கொதித்த குழம்பில் இந்தக் கிருமி இருக்காது. 70 டிகிரி வெப்பம் கறிக்குள் முழுதாக ஏறினால் செத்துவிடும், நம் வீட்டுக் குழம்பு அதைத் தாண்டித்தான் கொதிக்கிறது. சாப்பிட்ட பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுத்த கையைப் பற்றித்தான் கவலை. நோயுள்ள கோழியின் ரத்தமும் எச்சமும் சளியும்தான் ஆபத்து. கோழி வெட்டும்போது பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் உங்கள் மாநிலத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எச்5என்1 என்ற வகைப் பறவைக்காய்ச்சலில் இறந்தது. வீட்டில் கறி வெட்டும்போது ஒரு சிறு துண்டைப் பச்சையாகத் தின்றிருக்கிறது. சமைத்த கறியைத் தின்ற மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமியாரையும் பிள்ளைகளையும் பத்து நாள் கவனியுங்கள். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, கண் சிவப்பு எது வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "வீட்டில் கோழி செத்தது, அறுத்தோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது, முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். இந்த நோய் மனிதருக்கு வருவது அபூர்வம், மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவுவதும் இல்லை. ஆனால் வந்தால் கடுமை. 2003-லிருந்து உலகம் முழுக்கப் பதிவான மனித நோயாளிகள் 900 பேருக்குமேல், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். லேசாக வந்துபோனவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

பூனை இருந்தால் அதையும் கட்டிப்போடுங்கள். செத்த கோழியைக் கடித்த பூனைக்கு இந்த நோய் வரும். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தில் வீட்டுப் பூனைகளுக்கு வந்தது. அதே சமயத்தில் நாக்பூர் பக்கம் விலங்கு மீட்பு மையத்தில் புலிகளே செத்தன.

இனி வாத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் பட்டது, நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன "வாத்துகள் நன்றாக இருக்கின்றனவாம்" என்பதுதான்.

கோழிக்கு இந்த நோய் வந்தால் ஊரே அறியும், கூண்டே காலியாகிவிடும். வாத்து அப்படியில்லை. கிருமி உள்ளே இருக்கும், எச்சத்தில் வெளியே வந்துகொண்டே இருக்கும், வாத்து பாட்டுக்கு நத்தை தேடிக்கொண்டு திரியும். கீரி, சன்னியாசி என்று நம் பக்கம் வளர்க்கிற நாட்டு வாத்து வகைகள் கடினமானவை, வெளியே காட்டிக்கொள்ளாது. வாத்துக்கு நோயே வராது என்று அர்த்தமில்லை. 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் குட்டநாட்டில் வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. கண் வெள்ளை படர்ந்து, தள்ளாடி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு விழுந்தன. கிருமியின் வகையைப் பொறுத்தும் வாத்தின் வயதைப் பொறுத்தும் மாறும். ஆக, செத்தால் நோய் என்று சொல்லலாம். சாகவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த மந்தை நடந்து வந்த வழியையும் பாருங்கள். அறுத்த வயலில் சிந்திய நெல், அதே வயலில் கொக்கும் காட்டு வாத்தும் இறங்கும். ஊருக்கு ஊர் குட்டைத் தண்ணீர். இரவில் வலை கட்டி அடைக்கிற இடத்தில் போன வாரம் வேறொருவர் மந்தை அடைந்திருக்கும். அப்புறம் லாரியில் தட்டு தட்டாக ஏற்றி அடுத்த ஜில்லா. 2004-இல் தாய்லாந்தில் பறவைக்காய்ச்சல் பரவியபோது, அது அதிகம் வந்த இடங்களையும் வயலில் வாத்து மேய்கிற இடங்களையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. குட்டநாட்டில் 2014-க்குப் பிறகு 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்ததும் இதே மாதிரி நெல்லும் தண்ணீரும் வாத்தும் ஒன்றாக இருக்கிற பூமியில்தான்.

வாத்து மேய்ப்பவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வருஷத்தில் பாதி நாள் தார்ப்பாய்க்கு அடியில் படுத்து, பாம்புக்கும் நரிக்கும் திருடனுக்கும் காவல் இருந்து, வயல்காரருக்குக் காசும் கொடுத்து நடத்துகிற பிழைப்பு அது. அவருடைய 1,200 வாத்தும் போனால் உங்கள் 40 கோழி போனதைவிடப் பெரிய அடி. அதனால்தான் அவர் நன்மைக்கே சொல்கிறேன்: அடுத்த வாரம் கொண்டுவர வேண்டாம்.

நெல்லூர் மாவட்டம் இதில் சும்மா இல்லை. 2024 பிப்ரவரியில் பொதலகூரு மண்டலம் சாட்டகுட்லாவிலும் கோவூரு மண்டலம் கும்மல்லதிப்பாவிலும் கோழிகள் செத்து, போபால் ஆய்வகம் பறவைக்காய்ச்சல் என்று உறுதி செய்தது. மறு வருஷம் அதே பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களில் வந்தது. மாசி, பங்குனி என்றாலே உங்கள் கடலோரத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம்.

கொழுந்தனாரை இருக்கிற இடத்திலேயே இருக்கச் சொல்லி, அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் மந்தையில் கொஞ்சம் வாத்துக்கு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வயல்காரர் உழவு ஓட்டப்போகிறேன் என்று கிளப்பினால் பக்கத்து வயலுக்குப் போகட்டும், லாரி ஏற வேண்டாம். உங்கள் வீட்டில் முடிவு வருவதற்குள் மந்தை வந்து சேர்ந்துவிட்டால், நோய் அவரிடமிருந்து வந்ததா, உங்களிடமிருந்து அவருக்குப் போனதா என்றுகூடத் தெரியாமல் போகும், குடும்பத்துக்குள் சண்டைதான் மிஞ்சும். முடிவு நல்லபடி வந்து அவர் திரும்பினாலும் மூன்று வாரம் மந்தை ஊர்க்குட்டையில் இறங்கக் கூடாது, கோழி இருக்கும் வாசலுக்கு வரக் கூடாது. அவரும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது செருப்பை வெளியே விட்டு, காலை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும். அவர் நடுவில் ஒருமுறை ஊருக்கு வந்து போனாரா? நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது பூநாரை. பையன்களை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

காட்டுப்பறவைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கிருமிக் குடும்பத்துக்குக் காட்டு வாத்துகள்தான் பூர்வீக வீடு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரி வடக்கிலிருந்து வலசை வருகிற பறவைகள் அதைக் குடலில் வைத்துக்கொண்டு திரியும். ஆனால் அவை சுமப்பது பெரும்பாலும் சாதுவான வகை. அந்தச் சாதுவான எச்5, எச்7 வகைகள் கோழிப்பண்ணைக்குள் புகுந்து, நெருக்கி அடைத்த ஆயிரக்கணக்கான பறவைகளில் மாறி மாறிப் பெருகும்போதுதான் கொலைகாரனாக மாறுகின்றன. இன்று உலகைச் சுற்றுகிற எச்5என்1 பரம்பரையை முதலில் கண்டது 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில், பண்ணையில் வளர்த்த பெருவாத்தில். மறு வருஷம் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். பண்ணையிலிருந்துதான் அது திரும்பக் காட்டுப்பறவைக்குப் போனது. 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. இமயத்தைத் தாண்டிப் பறக்கிற பறவை அது. 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் இமாச்சலத்தின் போங் அணையில் அதே பறவை மறுபடி ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தது. நாம் கொடுத்ததைத்தான் அவை திருப்பிக் கொண்டுவருகின்றன என்பது என் கருத்து.

பூநாரை விஷயம் இன்னும் வேறு. பழவேற்காட்டுக்கு வருகிற பூநாரைகளுக்கு இந்தியாவில் பெரிய பிறந்தகம் குஜராத்தின் கட்ச் சதுப்பு. ஊர்க்காரர்கள் நினைக்கிற மாதிரி எல்லாம் சைபீரியாவிலிருந்து வருவதில்லை. அது நிற்பது உப்புத் தண்ணீரில், ஏரியின் நடுச்சேற்றில். உங்கள் கோழி அங்கே போவதில்லை, பூநாரை உங்கள் வாசலுக்கு வருவதில்லை. நடுவில் இருப்பது யார்? ஏரியோரத்துக் குட்டையில் இறங்குகிற வாத்து, செத்ததைத் தின்று வீட்டுக் கூரையில் உட்காருகிற காக்கா, சேற்றுக்காலோடு வீடு வருகிற மனிதன். உங்கள் கோழி வரைக்கும் கிருமி வந்த கடைசி ஒரு மைல் எது என்று கேட்டால் பதில் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 2024 ஏப்ரலில் குட்டநாட்டில் வாத்துகள் செத்தபோது வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை ஊரைப் பார்த்துக் கிளம்பியிருக்கும் நேரம். ஆனால் அங்கே நெல் அறுவடை முடிந்து வாத்து வயலில் இறங்குகிற நேரம் அதுதான்.

வெடி போட்டால் என்ன ஆகும்? ஏரியில் ஒரு பறவைக்கு நோய் இருந்தால் அது இன்னும் பத்துக் குட்டைக்குப் போய் இறங்கும், அவ்வளவுதான். நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கும் காலம் வேறு. விரட்டினால் வனத்துறை வழக்கும் வரும். பையன்களுக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு வேலை கொடுங்கள்: தினமும் கரையைச் சுற்றி நடந்து, பறவை செத்துக் கிடந்தால் கிட்டப்போகாமல் தூரத்திலிருந்து போட்டோ எடுத்து, எந்த இடம், எத்தனை என்று வனத்துறைக்கும் கால்நடைத்துறைக்கும் சொல்லட்டும். காட்டுப்பறவைச் சாவுதான் பல இடங்களில் முதல் எச்சரிக்கை. 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் விழுந்தது காக்காதான்.

பக்கத்து வீட்டார் சொன்ன பயம் பொய்யில்லை. முடிவு பறவைக்காய்ச்சல் என்று வந்தால் உங்கள் வீட்டை நடுவாக வைத்து 1 கிலோமீட்டர் சுற்றளவில் கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். அதற்கு வெளியே 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு, விற்க வாங்கத் தடை. முட்டையும் தீவனமும் சேர்ந்து போகும். வலிக்கத்தான் செய்யும். அழிக்கும் நாளில் வாசலில் நின்று அழுத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் சமாதானம் எதுவும் இருந்ததில்லை.

ஆனால் கணக்கு ஒன்று சொல்கிறேன். அரசு அழிக்கிற பறவைக்குத்தான் இழப்பீடு, மத்திய அரசு பாதியும் மாநில அரசு பாதியும் போட்டுத் தரும். தானாகச் செத்த கோழிக்கு மத்தியத் திட்டத்தில் காசு கிடையாது. நீங்கள் மறைக்கிற ஒவ்வொரு நாளும் இழப்பீடு வாங்க வேண்டிய கோழி இழப்பீடு இல்லாத கோழியாக மாறிக்கொண்டிருக்கிறது. சட்டத்தில் லாபம் இருக்கிறது என்று முன்னால் சொன்னது இதைத்தான். கேரளத்தில் 2021-இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், சின்னதுக்கு 100, முட்டைக்கு 5 ரூபாய் கொடுத்தார்கள். உங்கள் மாநிலத்து விகிதத்தை வருகிற அதிகாரியிடம் கேளுங்கள். சந்தை விலைக்கு ஈடாகாது, உண்மைதான். வியாபாரி சொன்ன பாதி விலையோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அவர் வாங்கிப்போன கோழியால் கொழுந்தனாரின் மந்தைக்கோ அக்கம்பக்கத்துக் கோழிக்கோ நோய் வந்தால், அந்த நஷ்டத்தை யாரும் கட்டித் தர மாட்டார்கள். இன்றே எத்தனை கோழி, எத்தனை குஞ்சு, எத்தனை முட்டை என்று ஒரு தாளில் எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள். பின்னால் வாக்குவாதம் மிச்சம்.

இந்தச் சமயத்தில் யாராவது "பறவைக்காய்ச்சல் ஊசி" விற்க வருவார்கள். எச்9என்2 என்ற லேசான வகைக்கு இந்தியாவில் தடுப்பூசி இருக்கிறது, பண்ணைகளில் போடுகிறார்கள். அது எச்5-ஐத் தடுக்காது. எச்5-க்கு நம் நாட்டில் கோழிக்கு ஊசி போட அனுமதியே இல்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைப்பதும் வீண், கிருமி வைரஸ். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் கொடுங்கள், கோழிக்குக் கெடுதல் இல்லை. நோய் நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சுத்தம் செய்வதற்கு விலை கூடிய மருந்து எதுவும் வேண்டாம். இந்தக் கிருமியின் மேல்தோல் கொழுப்பாலானது, சோப்புத் தண்ணீருக்கே கரைந்துவிடும். முதலில் எச்சத்தையும் கூளத்தையும் சுரண்டி எடுத்துக் குழியில் போட்டு, அப்புறம் சோப்பு, அது காய்ந்தபின் பிளீச்சிங் பவுடர், தரைக்குச் சுண்ணாம்பு. எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் தூவினால் பலன் கிடையாது. நம் வெயில் நமக்கு உதவி: குளிர்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் எச்சத்தில் உயிரோடு இருக்கிற கிருமி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. நிழலும் ஈரமும் உள்ள மூலைகளை விடாதீர்கள். கொட்டகை வேலைக்கென்று ஒரு ஜோடி செருப்பு தனியாக இருக்கட்டும்.

முடிவு பறவைக்காய்ச்சல் என்று வந்தால், துறை சுத்திகரிப்புச் சான்று கொடுத்து, மறுபடி வளர்க்கலாம் என்று சொல்லும்வரை ஒரு குஞ்சுகூட வாங்காதீர்கள். வாங்கும்போது முதலில் ஐந்தாறு மட்டும் விட்டுப் பாருங்கள்.

வெள்ளைக்கழிச்சல் என்று வந்தால், எனக்கு அப்படித்தான் வர வேண்டும் என்று ஆசை, அதைத் தடுக்க முடியும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. எல்லைக்கு இந்தப்பக்கம் கும்மிடிப்பூண்டியில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப்பாருங்கள், தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் இரண்டு வாரம் இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் பக்கம் பசுவைத்தியசாலையில் கேட்டால் கிடைக்கும். மருந்து குளிர் குறையாமல் வர வேண்டும், ஐஸ் போட்ட பிளாஸ்க் எடுத்துப் போங்கள். ஒரு குப்பியில் நிறையக் கோழிக்குப் போடலாம், கலக்கிவிட்டால் வைத்திருக்க முடியாது, அதனால் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். நோய் கண்டு இருக்கும்போது போட வேண்டாம், சாவு நின்று டாக்டர் சொன்ன பிறகு போடுங்கள். போட்ட தேதியைக் கொட்டகைக் கதவில் சுண்ணாம்பால் எழுதி வைத்துவிட்டால் அடுத்த தவணை மறக்காது.